ஓபராவுக்குக் கதைப் புத்தகம் வழியாகப் போவது எப்படி?

டின்டின் காமிக்ஸ் படித்தவர்களுக்கு பியாங்கா காஸ்டாஃபியோரே என்ற ஓபராப் பாடகியைத் தெரியும். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் கேப்டன் ஹேடாக் ஓட்டம் பிடிப்பார். எங்கே வந்தாலும் அவர் எடுத்துவிடும் அந்தப் பாட்டு, டின்டினை உருவாக்கிய ஹெர்ஜே இட்டுக்கட்டியது அல்ல. 1859இல் பாரிஸில் முதன்முதலாக மேடையேறிய, இசையமைப்பாளர் குனோவின் ‘ஃபௌஸ்ட்’ ஓபராவில் வருவது. நகைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் தெரியும் அழகியைக் கண்டு தானே அசந்துபோகும் ஒரு பெண் பாடும் பாட்டு. ஆக, காமிக்ஸ் படிக்கும் பிள்ளைக்கு ஓபரா ஏற்கெனவே அறிமுகம்தான். யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

பிள்ளைகளுக்கு ஓபராவைக் காட்ட ஆசைப்பட்டும் எங்கே தொடங்குவதென்று தெரியாத பெற்றோர், ஆசிரியர், நூலகத்தில் சிறுவர் பிரிவைப் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கே ஓபரா தெரியாது என்றாலும் பரவாயில்லை. வசனத்தின் வேலையையும் பாட்டே பார்த்துக்கொள்ளும் மேடை நாடகம், கூடவே ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா; இவ்வளவு தெரிந்தால் போதும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் இருக்கும் மொழியில் பிறந்த நமக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை.

என் யோசனை ஒன்றுதான். முதலில் கதை, அடுத்து பாட்டு, கடைசியில்தான் மேடை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யூடியூபில் பிரபலமான பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறார்கள். பிள்ளை சிரிக்கும், இல்லையென்றால் காதைப் பொத்திக்கொள்ளும். அதைக் குறை சொல்ல முடியாது. இத்தாலிய மொழியிலோ ஜெர்மன் மொழியிலோ, யாரென்றே தெரியாத ஒருவர், எதற்கென்றே தெரியாமல் உச்சஸ்தாயியில் பாடினால் பெரியவர்களுக்கே அப்படித்தான் இருக்கும். ஐரோப்பாவில் பாட்டு வரிகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டு அரங்க வாசலிலேயே விற்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மொழி தெரிந்த பெரியவர்களுக்கே கையில் ஒரு புத்தகம் வேண்டியிருந்தது என்றால், பிள்ளைகளுக்கு வேண்டாமா?

முதல் வேலை: அலமாரியைக் கண்டுபிடிப்பது

டியூவி வகைப்பாட்டை, அதாவது பொருளுக்கு ஓர் எண் கொடுத்து நூல்களை அடுக்கும் முறையைப் பின்பற்றும் நூலகத்தில் ஓபராவின் எண் 782.1. கதைச்சுருக்கங்களுக்கு இதையே நீட்டி 782.10269 என்று போடுவார்கள். மேடையேற்றம் பற்றிய நூலானால் 792.5க்குப் போய்விடும். இந்த எண்களைக் குறித்துக்கொண்டு நேராக அந்த அலமாரிக்குப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அங்கே இருப்பவை பெரியவர்களுக்கான தடித்த கையேடுகள். பிள்ளைகளுக்குப் பிடிக்கக்கூடியவை நூலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். படப் புத்தகங்கள் எழுதியவரின் பெயர் வரிசையில் வேறு மூலையில் இருக்கும். பாடகர்களின் வாழ்க்கைக் கதைகள் வாழ்க்கை வரலாற்றுப் பிரிவில். ஓபராவுக்கு மூலமான நாட்டுப்புறக் கதைகள் 398.2இல். டின்டின் 741.5இல். அந்த ஓபராவின் சிடி இருந்தால் அது இன்னொரு அறையில்.

அதனால் கால்நடையாகத் தேடுவதைவிட, கணினிப் பட்டியலில் தேடுவது நல்லது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளைப் பயன்படுத்தும் பட்டியல்களில் ‘ஆபராஸ் – ஸ்டோரீஸ், ப்ளாட்ஸ், எட்செட்ரா’ என்ற தலைப்பைப் போட்டு, சிறுவர் நூல் என்று வடிகட்டுங்கள். வெறுமனே ‘ஓபரா’ என்று தட்டினால் ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வின் சுருக்கப் பதிப்புகள் வரிசையாக வந்து நிற்கும். காஸ்டோன் லெரூ 1910இல் புத்தகமாக வெளியிட்ட அந்த நாவல் விறுவிறுப்பானதுதான், பாரிஸ் அரங்கின் நிலவறை வரை கூட்டிப்போகும். ஆனால் அது திகில் கதை. அதை மட்டும் படித்த பிள்ளை, ஓபரா என்றால் முகமூடிக்காரன் சரவிளக்கைத் தள்ளிவிடும் இடம் என்று நினைத்துக்கொள்ளும்.

பொதுத் தலைப்பில் தேடுவதைவிடக் குறிப்பிட்ட ஓபராவின் பெயரில் தேடுவது பலன் தரும். லண்டனிலோ டொரோன்டோவிலோ இருப்பவர்கள், தங்கள் கிளை நூலகத்தில் இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து வரவழைக்கச் சொல்லுங்கள். அதற்காகத்தான் அந்த வசதி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஊர் நூலகத்தில் 782.1 காலியாகவே இருக்கலாம். ஆனால் 398.2 காலியாக இருக்காது. கிரிம் சகோதரர்களின் கதைகளும் மகாபாரதக் கதைகளும் இல்லாத சிறுவர் பிரிவு உண்டா? அவற்றை வைத்தே தொடங்கிவிடலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. ஃபுளோரன்ஸ் ஆகின் என்பவர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்காக, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக் கதைகளைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் 1915இல் எழுதினார். அது குட்டன்பர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் இருக்கிறது. அதே வாக்னர் கதைகளுக்கு ஆர்தர் ராக்கம் வரைந்த ஓவியங்கள் 1910, 1911இல் இரண்டு தொகுதிகளாக வந்தன. ரைன் நதிக் கன்னியரும் டிராகனும் அதில் இருக்கும் அழகுக்கு, கதையே தெரியாவிட்டாலும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கலாம்.

கையில் எடுத்த புத்தகம் எந்த வகை?

ஓபராவைப் பற்றிய சிறுவர் நூல்களில் மூன்று வகை உண்டு. மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. கலந்துவிடக் கூடாது.

ஒன்று, ஓபரா அரங்கில் நடக்கும் கதை. பெரும்பாலும் எலி, பூனை, நாய். டான் ஃப்ரீமனும் லிடியா ஃப்ரீமனும் 1953இல் செய்த ‘பெட் ஆஃப் தி மெட்’ இதில் எனக்குப் பிடித்தது. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவின் மேல்மாடியில், ஹார்ப் என்ற பெரிய நரம்பு வாத்தியத்தை வைக்கும், யாருக்கும் வேண்டாத ஒரு பெட்டிக்குள் எலிக் குடும்பம் ஒன்று வசிக்கிறது. அப்பா எலிக்கு, மேடைக்கு அடியில் இருந்தபடி பாடகர்களுக்கு வரி எடுத்துக்கொடுப்பவருக்குப் பக்கம் புரட்டும் உத்தியோகம். மொட்சார்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபரா நடக்கும்போது இசையில் மயங்கி எலி மேடையேறி ஆட, அங்கே இசையை வெறுக்கும் பூனை காத்திருக்கிறது. மூன்று, நான்கு வயதுக்கு இது போதும். அரங்கு என்றால் என்ன, திரைக்குப் பின்னால் யார் யார் இருப்பார்கள் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஓபராவின் கதையையே திருப்பிச் சொல்வது. இதில் ஒரே ஓபராவுக்கு ஒரே புத்தகம் என்று இருப்பவை பிள்ளைகளுக்கு. பத்துப் பதினைந்து கதைகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள் உங்களுக்கு. பிள்ளையிடம் தொகுப்பைக் கொடுத்தால் அது அலமாரிக்குத் திரும்பிப் போய்விடும். ஒற்றைப் புத்தகங்களில் பாடகி லியோன்டைன் ப்ரைஸ் எழுதி, லியோ டில்லனும் டயான் டில்லனும் ஓவியம் தீட்டி 1990இல் வந்த ‘ஐடா’வை எங்கே பார்த்தாலும் எடுங்கள். ஐடாவாக மேடையில் பாடிப் பெயர் வாங்கியவரே அந்தக் கதையைச் சொல்கிறார். மெட்ரோபாலிடனில் 1985இல் அவர் ஓபரா மேடையிலிருந்து விடைபெற்றதும் ஐடாவாகத்தான். முடிவு சோகம்: காதலர்கள் இருவரும் கல்லறைக்குள் அடைபடுகிறார்கள். எட்டு வயதுக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாடகர்களின் வாழ்க்கை. 2002இல் பாம் முன்யோஸ் ரயன் எழுதி பிரையன் செல்ஸ்னிக் வரைந்த ‘வென் மேரியன் ஸாங்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனில் ஒரு மண்டபத்தைத் தர மறுத்தார்கள். அவர் 1939 ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, ஏறத்தாழ 75,000 பேர் முன்னால் பாடினார். மெட்ரோபாலிடன் மேடையில் அவருக்கு இடம் கிடைக்க 1955 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓபரா பிடிக்காத பிள்ளைக்கும் இந்தப் புத்தகம் பிடிக்கும். ஆனால் இதைப் படித்தால் ஓபராவின் கதை எதுவும் தெரியவராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தக் கதையில் தொடங்குவது?

பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கதையில். புதுக் கதை, புது மொழி, புது இசை என்று மூன்றையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றாதீர்கள்.

‘ஹான்சலும் கிரேட்டலும்’ பழைய, பத்திரமான வழி. அது பிறந்த விதமே பிள்ளைகளுக்காகத்தான். ஆடல்ஹைட் வெட்டே என்பவர், தன் வீட்டுப் பிள்ளைகள் நடிக்க ஒரு சிறு நாடகம் எழுதி, பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டுத் தரும்படி அண்ணன் எங்கல்பர்ட் ஹும்பர்டிங்கைக் கேட்டார். அது வளர்ந்து வளர்ந்து முழு ஓபராவாகி, 1893 டிசம்பர் 23 அன்று வைமார் நகரில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் தலைமையில் அரங்கேறியது. இன்றும் ஜெர்மன் நாடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் இந்த ஓபரா உண்டு.

இங்கேதான் 398.2 கைகொடுக்கும். கிரிம் கதையை முதலில் வாசியுங்கள். பிறகு ஓபராவின் கதையைச் சொல்லி, என்னென்ன மாறியிருக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கிரிம் கதையில் பெற்றோர் திட்டமிட்டே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவருகிறார்கள். ஓபராவில் அப்படி இல்லை. அம்மாவுக்கு வந்த கோபத்தில் வீட்டில் இருந்த ஒரே பால் ஜாடி உடைந்துவிடுகிறது. இரவுக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. ‘போய் ஸ்ட்ராபெரி பறித்துவா’ என்று விரட்டிவிட்டு அவள் அழுகிறாள். கொடுமைக்காரி போய், வறுமையில் பொறுமை இழந்த ஒரு தாய் வந்துவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் உறைக்கும்.

இன்னொன்றும் உண்டு, அது நமக்கு இன்னும் நெருக்கம். ஆங்கில இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் கற்று, மகாபாரதத்திலிருந்து சாவித்திரி கதையை எடுத்து, பாட்டு வரிகளையும் தானே எழுதி ‘சாவித்ரி’ என்ற ஓபராவைச் செய்தார். முதல் மேடையேற்றம் 1916, லண்டன். மூன்றே பாத்திரங்கள்: சாவித்திரி, சத்தியவான், எமன். நேரம் அரை மணி சொச்சம். தொடக்கத்தில் வாத்தியம் எதுவும் ஒலிக்காது. எமனின் குரல் மட்டும் தூரத்திலிருந்து அவள் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டு வரும். அதற்கு முன்னால் அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதையில் சாவித்திரி நூறு பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டு எமனை மடக்குவாள். ஹோல்ஸ்ட் எழுதியதில் ‘வாழ்வு’ வேண்டும் என்கிறாள். எமன் கொடுத்துவிட்டு, கணவன் இல்லாமல் தனக்கு ஏது வாழ்வு என்று அவள் சொன்னதும்தான் விழிக்கிறான். பாட்டு ஆங்கிலத்தில் என்பதால் பெரிய பிள்ளைகளுக்குச் சில வரிகள் நேரடியாகவே புரியும். இதற்குப் படப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். தமிழில் கிடைக்கும் எந்தச் சாவித்திரி கதைப் புத்தகமும் போதும்.

வீட்டுப்பாடத்தை வெறுக்கும் பிள்ளைக்கு ராவெலின் ‘குழந்தையும் மாயங்களும்’ (1925). கதை எழுதியவர் கொலெத். சேட்டைக்காரப் பையன் உடைத்த நாற்காலி, கடிகாரம், தேநீர்க் குடுவை எல்லாம் உயிர்பெற்று அவனைத் திட்டுகின்றன. கணக்குப் பாடமே ஒரு கிழவராக எழுந்து வந்து தப்புத் தப்பாகக் கணக்குச் சொல்கிறது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

‘புருண்டிபார்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹான்ஸ் க்ராஸா இசையமைத்த இந்தச் சிறுவர் ஓபராவை, நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த யூதப் பிள்ளைகள் 55 முறை மேடையேற்றினார்கள். க்ராஸாவும் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரும் பிறகு ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். மாரிஸ் செண்டாக்கின் ஓவியங்களோடு, டோனி குஷ்னர் சொல்ல, 2003இல் இது படப் புத்தகமானது. நோயாளித் தாய்க்குப் பால் வாங்கக் காசு தேடி அண்ணனும் தங்கையும் தெருவில் பாடப்போகிறார்கள். வாத்தியப் பெட்டிக்காரன் ஒருவன் அவர்களை விரட்டுகிறான். பூனை, நாய், குருவி உதவிக்கு வருகின்றன. சிறு பிள்ளைகளுக்கு இந்தக் கதை மட்டும் போதும். பத்து வயதுக்குமேல் முகாமின் கதையையும் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் உடன் இருந்து சொல்லுங்கள். புத்தகத்தின் கடைசியில், துரத்தப்பட்ட அந்தக் கொடியவன் மறுபடி வருவேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறான். அதற்குக் கேள்வி வரும்.

கார்மென், டோஸ்கா, மேடம் பட்டர்ஃபிளை, ரிகொலெட்டோ எல்லாம் பிறகு. புகழ்பெற்றவை என்பதாலேயே சிறுவர் தொகுப்புகளில் இவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். கொலையையும் தற்கொலையையும் நீக்கிவிட்டுச் சொன்னால் கதையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

வாசித்துக் காட்டும் நாள்

‘மாயப் புல்லாங்குழலை’ வைத்துச் சொல்கிறேன். மொட்சார்ட் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவில் அரங்கேறியது. இதற்கான சிறுவர் நூல்கள் நிறைய இருப்பதால் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு இடங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒன்று, மோனோஸ்டாடோஸ் என்ற வேலைக்காரன். மூலத்தில் அவன் கறுப்பன் என்பதையே குற்றமாகச் சொல்லும் வரிகள் உண்டு. நல்ல மறுகூறல் அவனைக் கெட்டவனாக மட்டும் காட்டும், நிறத்தை இழுக்காது. இன்னொன்று, இரவு ராணி மகளின் கையில் கத்தியைக் கொடுத்து ஒருவரைக் கொல்லச் சொல்லும் இடம். அதை முழுக்க மழுப்பிய புத்தகத்தை நான் எடுக்க மாட்டேன். அந்தக் கோபம் தெரியாவிட்டால் ராணியின் பாட்டு வெறும் வித்தைதான்.

முழுக் கதையையும் ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். பறவை பிடிக்கும் பாபகெனோ, பாம்பைக் கொன்றது தானே என்று புளுகுகிறான். ராணியின் தோழியர் மூவர் வந்து அவன் வாயில் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். இங்கே நிறுத்துங்கள். ‘வாயில் பூட்டு இருந்தால் எப்படிப் பாடுவான்?’ என்று கேளுங்கள். உதட்டை மூடிக்கொண்டு ‘ம்… ம்… ம்…’ என்று ஆளாளுக்கு முயல்வார்கள். அடுத்த நொடி அந்த இடத்தைப் பாடலாகப் போடுங்கள். மொட்சார்டும் அதையேதான் செய்திருக்கிறார். ஓபராப் பாடகர் ஒருவர் வாயை மூடியபடி பாடுவதைக் கேட்டு அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, இசை கதையைச் சொல்வதை அவர்கள் நேரில் கேட்டுவிட்டார்கள். நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பாபகெனோ கடைசியில் தன் ஜோடியைக் கண்டதும் இருவரும் ‘பா… பா… பா…’ என்று திக்கிக்கொண்டே பாடும் பாட்டு, இரவு ராணியின் கோபப் பாட்டு, இரண்டும் இந்த அளவுதான். ஹான்சல், கிரேட்டலின் இரவுப் பிரார்த்தனையைப் போடும்போது எண்ணச் சொல்லுங்கள்: தலைமாட்டில் இரண்டு தேவதைகள், கால்மாட்டில் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு, போர்த்திவிட இரண்டு, எழுப்பிவிட இரண்டு, சொர்க்கத்துக்கு வழிகாட்ட இரண்டு. மொத்தம் பதினான்கு. கதை எதுவுமே வேண்டாம், சும்மா சிரித்தால் போதும் என்றால், ரோஸ்ஸினி பெயரில் வழங்கிவரும் பூனைப் பாட்டு இருக்கிறது. இரண்டு பாடகியர், பாட்டு முழுக்க ‘மியாவ்’ என்ற ஒரே சொல். பல நாடுகளின் பொது நூலகங்கள் உறுப்பினர் அட்டையை வைத்தே நாக்ஸஸ் இசை நூலகம் என்ற இணைய இசைத் தொகுப்பைக் கேட்க விடுகின்றன. உங்கள் நூலகத்தில் உண்டா என்று விசாரியுங்கள்.

மேடையைக் காட்டும் கட்டம் வந்தால், முழு நீளத்தில் ஆரம்பிக்க வேண்டாம். மெட்ரோபாலிடன் ஓபரா திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியபோது, 2006 டிசம்பர் 30 அன்று முதலில் காட்டியதே ஜூலி டேமோரின் ‘மாயப் புல்லாங்குழல்’தான், அதுவும் குடும்பங்களுக்காக ஆங்கிலத்தில் சுருக்கி. ஓபராவிஷன் தளத்தில் ஐரோப்பிய அரங்குகளின் நிகழ்ச்சிகள் துணைத்தலைப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. சிறு பிள்ளைகளால் துணைத்தலைப்பை அந்த வேகத்தில் படிக்க முடியாது. புத்தகத்தில் வாசித்த காட்சிக்கு நேராக ஓட்டிப் போய், அதை மட்டும் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

நூலகருக்குச் சில

ஓபரா என்று பலகை வைத்துத் தனி அலமாரி அமைக்காதீர்கள். யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். கதையின் பெயரில் வையுங்கள். ‘ஹான்சலும் கிரேட்டலும்’ என்று ஒரு மேசை. அதில் 398.2இலிருந்து கிரிம் கதைகள், படப் புத்தகம், 782.1இலிருந்து ஓபராவின் கதை, சிடி இருந்தால் அதுவும். ஒரு மாதம் கழித்து வேறு கதை.

பட்டியலில் படப் புத்தகங்களுக்குப் பொருள் தலைப்பு இல்லாமல் விட்டுவிடுவது வழக்கம். ஹார்ப் பெட்டி எலி போன்ற புத்தகங்களுக்கு ‘ஓபரா – சிறுவர் கதை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அடுத்து தேடி வருபவருக்கு அலைச்சல் மிச்சம். வாங்கப் பணம் குறைவு என்றால் தொகுப்பு நூல் ஒன்று ஆசிரியர்களுக்கு, ஒற்றைப் படப் புத்தகம் இரண்டு, வாழ்க்கைக் கதை ஒன்று. இதற்குமேல் கேட்பவர்கள் வந்தபின் வாங்கலாம்.

சிடியோடு வரும் புத்தகங்களில் முதலில் காணாமல் போவது சிடிதான். திரும்ப வாங்கும்போது அட்டைப் பையைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். உள்ளே ஒரு சிடி இருக்க வேண்டும் என்று அட்டையின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஓபரா டிவிடியைக் கதை நேரத்தில் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன் உரிமத்தைப் பாருங்கள். கடையில் விற்பவை பெரும்பாலும் வீட்டில் பார்ப்பதற்கான அனுமதியோடு மட்டுமே வருகின்றன. பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டியிருக்கும், பதில் வர நாளாகும். அதனால் மேசையில் வைக்கப்போகும் கதையை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.